புது ரைடு திறந்தால் பக்கத்துத் தீம் பார்க் காலியாகுமா?

நீங்கள் கேட்டது இது: "ஃபுளோரிடாவின் ஆர்லாண்டோவில் யூனிவர்சல் 2025-இல் எபிக் யூனிவர்ஸ் என்று ஒரு முழுப் பார்க்கையே புதிதாகத் திறந்துவிட்டது. டிஸ்னியும் பதிலுக்குப் பணத்தைக் கொட்டுகிறது. இப்படி மாறி மாறித் திறந்தால் ஒருவர் கூட்டத்தை இன்னொருவர் பிடுங்குவதுதானே நடக்கும்? கடைசியில் யாராவது ஒருவர் இழுத்து மூட வேண்டியதுதானே?" கூடவே, வொண்டர்லா வந்த பிறகு சென்னையிலும் இதே கதைதானா என்றும் கேட்டிருந்தீர்கள். உங்கள் கேள்விக்கு அடியில் இன்னொரு கேள்வி இருக்கிறது. புது ரைடு புதுக் கூட்டத்தை உண்டாக்குகிறதா, அல்லது ஏற்கெனவே இருக்கிற கூட்டத்தை இடம் மாற்றுகிறதா? இதற்கு எல்லா ஊருக்கும் ஒரே பதில் கிடையாது. மக்கள் விமானம் ஏறி வந்து நாலைந்து நாள் தங்குகிற ஊரில் இரண்டு பக்கமும் வளரும். காலையில் காரை எடுத்துக்கொண்டு போய் ராத்திரி வீடு திரும்புகிற ஊரில், பெரும்பாலும் ஒன்று இன்னொன்றைத் தின்றுவிடும். இரண்டுக்கும் அமெரிக்காவிலேயே நல்ல உதாரணங்கள் இருக்கின்றன.

நான் மெக்கானிக்கல் இன்ஜினியர். முதலில் ரைடு பராமரிப்பிலும், அப்புறம் ஒரு மணி நேரத்துக்கு எத்தனை பேரை ஏற்ற முடியும் என்று கணக்குப் போடுகிற வேலையிலும் பல வருடம் இருந்தவன். அதனால் தண்டவாளம், பிரேக், வரிசை பற்றி நம்பிக்கையோடு பேசுவேன். பார்வையாளர் எண்ணிக்கை விஷயம் கொஞ்சம் வேறு. டிஸ்னியோ யூனிவர்சலோ ஒவ்வொரு பார்க்குக்கும் எத்தனை பேர் வந்தார்கள் என்று வெளியிடுவதில்லை. பத்திரிகைகளில் வருவதெல்லாம் டி.இ.ஏ. என்கிற தொழில்துறைச் சங்கம் வருடந்தோறும் வெளியிடும் மதிப்பீடுகள். ஏறுமுகமா இறங்குமுகமா என்பதற்கு அவற்றை நம்பலாம். கடைசி இலக்கம் வரை பிடித்துக்கொண்டு சண்டை போடக் கூடாது.

முதலில் ஒஹாயோ கதையைச் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் சந்தேகம் அங்கேதான் நிஜமானது. கிளீவ்லாந்து நகரத்துக்கு மேற்கே, ஈரி ஏரிக் கரையில் சாண்டஸ்கி என்ற ஊரில் சீடர் பாயின்ட் இருக்கிறது. நகரத்துக்குத் தென்கிழக்கே ஆரோராவில் ஜியாகா லேக் என்று இன்னொரு பழைய பார்க் இருந்தது. நடுவில் இருக்கிற குடும்பத்துக்கு இரண்டுமே காரில் போய்த் திரும்புகிற தூரம்தான். சீடர் பாயின்ட் 1989-இலேயே மேக்னம் எக்ஸ்எல்-200 என்ற ரோலர் கோஸ்டரை 205 அடி உயரத்துக்குக் கட்டி, முழுச் சுற்றாக ஓடும் கோஸ்டர்களில் உலகத்திலேயே முதன்முறையாக 200 அடியைத் தாண்டியது. 2000-ஆம் வருடம் மே மாதம் 310 அடி உயரத்தில் மில்லேனியம் ஃபோர்ஸைத் திறந்தது. அதற்கு ஆன செலவு மட்டும் சுமார் 2.5 கோடி டாலர். உயர சாதனை மூன்று மாதம்கூடத் தாங்கவில்லை. ஆகஸ்டில் ஜப்பானின் நாகஷிமாவில் 318 அடியில் ஸ்டீல் டிராகன் வந்துவிட்டது.

அதே 2000-இல்தான் ஜியாகா லேக்கின் புது முதலாளிகள் அதற்கு சிக்ஸ் ஃபிளாக்ஸ் என்ற தங்கள் பார்க் தொடரின் பெயரைச் சூட்டி, ஒரே வருடத்தில் நான்கு புது கோஸ்டர்களைத் திறந்தார்கள். ஆமாம், நான்கு. அடுத்த வருடம் ஏரிக்கு அந்தப் பக்கம் இருந்த சீவேர்ல்ட் என்ற கடல் விலங்குப் பார்க்கையும் சுமார் 11 கோடி டாலருக்கு வாங்கி இரண்டையும் ஒரே பார்க்காக்கி, மேலே இன்னொரு பெரிய கோஸ்டரையும் சேர்த்தார்கள். முதலில் கூட்டம் வந்தது. ஆனால் வடக்கு ஒஹாயோவில் இருக்கிற ஜனத்தொகை அதேதான். குளிர்காலத்தில் இரண்டு பார்க்குமே மூடியிருக்கும். ஆண்டில் சுமார் ஆறு மாதத்துக்குள் சம்பாதித்துத்தான் பன்னிரண்டு மாத வட்டியைக் கட்ட வேண்டும். நான்கு கோஸ்டரை ஒரே வருடத்தில் திறந்தால் அடுத்த நான்கு வருடத்துக்குச் சொல்லிக்கொள்ளப் புதிதாக எதுவும் இருக்காது என்பதை யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை. 2004-இல் அந்தப் பார்க்கை யாரோடு போட்டி போட்டார்களோ அதே சீடர் பாயின்ட்டின் தாய் நிறுவனமான சீடர் ஃபேரிடமே 14.5 கோடி டாலருக்கு விற்றார்கள். கூட்டம் 2001-இல் இருந்ததில் பாதிக்கும் கீழே போனது. 2007 சீசனோடு ரைடு பகுதியை மூடிவிட்டார்கள். தண்ணீர் பார்க் மட்டும் 2016 வரை ஓடியது. கோஸ்டர்களைக் கழற்றி மற்ற ஊர்களுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே பேட்மேன் பெயரில் ஓடிய பெரிய கோஸ்டர் இப்போது வர்ஜீனியாவின் கிங்ஸ் டொமினியனில் டாமினேட்டர் என்ற பெயரில் ஓடுகிறது. இயந்திரத்தில் ஒரு குறையும் இருக்கவில்லை. அதை வைத்த ஊரில்தான் அத்தனை பேர் இல்லை. சிக்ஸ் ஃபிளாக்ஸ் நிறுவனம் 2009-இல் சுமார் 240 கோடி டாலர் கடனோடு திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றம் போனது. அந்தக் கடனில் ஒஹாயோவின் பங்கு ஒரு பகுதிதான், ஆனால் எல்லா ஊரிலும் அதே அவசரத்தோடுதான் வாங்கிப் போட்டிருந்தார்கள்.

உயரப் போட்டி அதோடு நிற்கவில்லை. 2003-இல் சீடர் பாயின்ட் டாப் த்ரில் டிராக்ஸ்டரைத் திறந்தது: 420 அடி, மணிக்கு 193 கிலோமீட்டர். 2005-இல் நியூ ஜெர்சியில் சிக்ஸ் ஃபிளாக்ஸ் கிங்டா கா-வைத் திறந்தது: 456 அடி, மணிக்கு 206 கிலோமீட்டர். இரண்டையும் கட்டிக்கொடுத்தது இன்டாமின் என்ற ஒரே நிறுவனம்தான். எதிரிகள் இரண்டு பேருக்கும் ஒரே இடத்தில் ஆயுதம் வாங்குகிற பழக்கம் இந்தத் தொழிலில் சாதாரணம். இரண்டிலும் எண்ணெய் அழுத்தத்தால் ஓடும் மோட்டார்கள் ஒரு பெரிய உருளையைச் சுழற்றும். அதில் சுற்றிய கம்பிவடம் ரயிலைச் சில வினாடிகளில் இழுத்து எறியும். காற்று எதிர்த்து வீசினாலோ அழுத்தம் கொஞ்சம் குறைந்தாலோ ரயில் உச்சியைத் தாண்டாமல் அப்படியே பின்னால் இறங்கிவிடும். அதற்காகவே புறப்பட்ட பாதையில் காந்த பிரேக்குகள் எழுந்து நின்று ரயிலைப் பிடித்துக்கொள்ளும். சவாரிக்கு ஆபத்தில்லை, வடிவமைப்பிலேயே அதற்கு இடம் வைத்திருக்கிறார்கள். ஆனால் பராமரிப்புக்காரனுக்கு அந்த இயந்திரம் தூக்கத்தைக் கெடுக்கிற சமாச்சாரம். வடம் தேயும், எண்ணெய் கசியும், மழை பெய்தால் நிறுத்த வேண்டும், காற்று அடித்தால் நிறுத்த வேண்டும். 2021 ஆகஸ்டில் டிராக்ஸ்டர் ரயிலிலிருந்து கழன்ற ஓர் உலோகத் துண்டு வரிசையில் நின்ற ஒரு பெண்ணின் தலையில் பட்டுப் படுகாயம் ஏற்படுத்தியது. ரைடு மூடப்பட்டது. 2024 மே மாதம் வேறு இயக்க முறையோடு மறுபடி திறந்து, சில நாளிலேயே ரயில் பெட்டிப் பிரச்சினையால் அந்த சீசன் முழுக்க நின்று, 2025-இல்தான் மறுபடி ஓடியது. அதற்குள் 2024 ஜூலையில் சிக்ஸ் ஃபிளாக்ஸும் சீடர் ஃபேரும் ஒரே நிறுவனமாக இணைந்துவிட்டன. அந்த நவம்பரில் கிங்டா கா-வை மூடுவதாக அறிவித்து, 2025 பிப்ரவரி 28 அன்று கோபுரத்தை வெடிவைத்துத் தகர்த்தார்கள். இரண்டு கோபுரமும் ஒரே முதலாளியின் சொத்தான பிறகு, போட்டிக்காகக் கட்டிய ஒன்றைப் பராமரிக்க ஆகிற செலவு நியாயமாகப் படவில்லை என்று நான் புரிந்துகொள்கிறேன். நிறுவனம் இதே வார்த்தைகளில் சொல்லவில்லை. இது என் ஊகம்.

சரி, ஆர்லாண்டோவுக்கு வருவோம். டிஸ்னியின் முதல் பார்க்கான மேஜிக் கிங்டம் 1971 அக்டோபர் 1 அன்று திறந்தது, இரண்டாவதான எப்காட் 1982-இல். யூனிவர்சல் 1981-லேயே அங்கே நிலம் வாங்கியிருந்தும், டிஸ்னி முந்திக்கொண்டு 1989 மே மாதம் சினிமா ஸ்டூடியோவைக் கருவாக வைத்த மூன்றாவது பார்க்கைத் திறந்தது. யூனிவர்சல் 1990 ஜூனில்தான் திறந்தது. திறந்த அன்றே சுறா, ராட்சதக் குரங்கு, நிலநடுக்கம் ஆகிய மூன்று பெரிய ரைடுகளும் சரியாக ஓடவில்லை. வந்தவர்களுக்கு இன்னொரு நாள் இலவசமாக வர டிக்கெட் கொடுத்து அனுப்பினார்கள். சுறா ரைடை முழுக்க மாற்றிக் கட்டி 1993-இல்தான் மறுபடி ஓட்டினார்கள். அவ்வளவு மோசமான தொடக்கத்துக்கு அப்புறமும் யூனிவர்சல் பிழைத்தது. காரணம், அந்த ஊருக்கு ஏற்கெனவே டிஸ்னி கொண்டுவந்து சேர்த்திருந்த கூட்டம். தி.நகரில் பெரிய துணிக்கடைக்குப் பக்கத்திலேயே இன்னொரு பெரிய துணிக்கடை ஏன் வருகிறது என்பது உங்களுக்குத் தெரியும். அதே கணக்குதான்.

இதற்கு என்னிடம் இருக்கிற வலுவான சாட்சி 2010. அந்த ஜூன் 18 அன்று யூனிவர்சலின் ஐலண்ட்ஸ் ஆஃப் அட்வென்ச்சர் பார்க்கில் ஹாரி பாட்டர் பகுதி திறந்தது. நான் முன்னே சொன்ன மதிப்பீடுகளின்படி அந்தப் பார்க்குக்கு 2009-இல் வந்தவர்கள் சுமார் 46 லட்சம். 2010-இல் சுமார் 59 லட்சம், 2011-இல் சுமார் 76 லட்சம். இரண்டே வருடத்தில் 30 லட்சம் பேர் கூடிவிட்டார்கள். இவர்களெல்லாம் டிஸ்னியிடமிருந்து வந்திருந்தால் அங்கே பெரிய பள்ளம் விழுந்திருக்க வேண்டும் அல்லவா? மேஜிக் கிங்டம் அந்த மூன்று வருடமும் 1.7 கோடியை ஒட்டியே நின்றது. வந்தவர்கள் தங்கும் நாளை ஒன்று கூட்டிக்கொண்டார்கள், அல்லது அந்த ஊருக்கே புதிதாக வந்தார்கள் என்பதுதான் இதன் பொருள். இதில் எது எத்தனை சதவீதம் என்று யாராவது துல்லியமாகச் சொன்னால் நம்பாதீர்கள். பிரித்துப் பார்க்கிற அளவுக்கு வெளியே தரவு கிடையாது.

யூனிவர்சல் இதைப் புரிந்துகொண்டு 2014-இல் செய்த காரியத்தை இந்தத் தொழிலிலேயே மிகச் சாமர்த்தியமான ஒன்று என்பேன். ஹாரி பாட்டரின் இரண்டாவது பகுதியைப் பக்கத்துப் பார்க்கில் கட்டி, இரண்டுக்கும் நடுவில் ஹாக்வார்ட்ஸ் எக்ஸ்பிரஸ் ரயிலை விட்டார்கள். இந்தப் பார்க்கில் ஏறினால் அந்தப் பார்க்கில் இறங்க வேண்டும், அதனால் இரண்டு பார்க்குக்கும் செல்லும் டிக்கெட் கையில் இருந்தால்தான் ஏற முடியும். ரயில் நிலைய வாசலில் குழந்தை கையைப் பிடித்து இழுக்கும்போது எந்த அப்பா அம்மா கூடுதல் டிக்கெட் வேண்டாம் என்பார்கள்? ரைடு ஒன்று, ஆனால் அது விற்பது இன்னொரு நாளை. அந்த இன்னொரு நாளோடு ஹோட்டல் அறையும், மூன்று வேளை சாப்பாடும் சேர்ந்து விற்கும். எபிக் யூனிவர்ஸைத் திறந்தபோது அதோடு சேர்த்து மூன்று புது ஹோட்டல்களும் திறந்ததற்கு இதுதான் காரணம்.

"பதிலுக்கு" என்ற உங்கள் வார்த்தையையும் கொஞ்சம் திருத்திக்கொள்ள வேண்டும். அவதார் படத்தை வைத்து ஒரு பகுதி கட்டும் ஒப்பந்தத்தை டிஸ்னி 2011 செப்டம்பரில் அறிவித்தது. அந்தப் பகுதி திறந்தது 2017 மே மாதம். எபிக் யூனிவர்ஸை 2019 ஆகஸ்டில் அறிவித்தார்கள், கொரோனாவில் வேலையை நிறுத்தினார்கள், 2021-இல் மறுபடி தொடங்கினார்கள், 2025 மே 22 அன்று திறந்தார்கள். செலவு பத்திரிகைச் செய்திகளின்படி சுமார் 700 கோடி டாலர். 2023-இல் டிஸ்னி பத்து வருடத்தில் பார்க்குகளிலும் கப்பல்களிலும் சுமார் 6,000 கோடி டாலர் போடுவதாகச் சொன்னதும் எபிக் திறப்பதற்கு முன்புதான். ஐந்து ஆறு வருடம் எடுக்கிற வேலையை வைத்துக்கொண்டு யாரும் யாருக்கும் உடனடியாகப் பதில் சொல்ல முடியாது. உடனடிப் பதில் என்றால் அது டிக்கெட் தள்ளுபடியும் ஹோட்டல் சலுகையும்தான். டிஸ்னி முந்திக்கொண்டு ஸ்டூடியோ பார்க்கைத் திறந்த 1989 விஷயத்தில், அப்போதைய டிஸ்னி தலைவர் ஐஸ்னர் யூனிவர்சலின் திட்டத்தை முன்பே பார்த்திருந்தார் என்று யூனிவர்சல் தரப்பு சொன்னது, அவர் மறுத்தார். யார் சொல்வது சரி என்று நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். ஒரு வருடம் முந்தியது மட்டும் உறுதி.

இன்னொன்றையும் யாரும் பேசுவதில்லை. கூட்டத்தை வரவைப்பது பாதி வேலை. வந்த கூட்டத்தை ஏற்றி இறக்குவதுதான் மீதி. உதாரணத்துக்கு ஒரு கோஸ்டர் ரயிலில் 32 இருக்கை என்று வையுங்கள். 75 வினாடிக்கு ஒரு ரயில் கிளம்பினால் மணிக்கு 48 ரயில், 1,536 பேர். அது 85 வினாடியாக ஆனால் சுமார் 1,355 பேர்தான். பத்து வினாடித் தாமதத்தில் மணிக்கு 180 பேர் வரிசையிலேயே நிற்கிறார்கள். பத்து மணி நேரத்தில் 1,800 பேர். அந்தப் பத்து வினாடி எங்கே போகிறது தெரியுமா? ஒருவர் தொப்பியை எங்கே வைப்பது என்று தேடுவார். ஒரு குழந்தையின் உயரத்தை மறுபடி அளப்பார்கள். ஆபரேட்டர் ஒவ்வொரு இருக்கையின் மடிக் கம்பியையும் கையால் இழுத்துப் பார்த்து, கடைசி வரிசையிலிருந்து கட்டைவிரலைக் காட்டுவார். தடம் முழுவதையும் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒரு பகுதிக்குள் ஒரே ரயில்தான் இருக்கலாம் என்று கணினி பார்த்துக்கொள்ளும். பிளாட்ஃபாரத்தில் நிற்கும் ரயில் கிளம்பாதவரை பின்னால் வந்த ரயில் வெளியே பிரேக்கில் நிற்கும். அதில் இருப்பவர்கள் ஏதோ கோளாறு என்று பயப்படுவார்கள். ஒரு ரைடு எவ்வளவு உயரம் என்று விளம்பரம் சொல்லும். நான் முதலில் கேட்பது மணிக்கு எத்தனை பேர், ஒரு நாளில் எத்தனை மணி நேரம் நிற்காமல் ஓடும் என்பதைத்தான்.

2019-ஐப் பாருங்கள். ஜூனில் யூனிவர்சல் ஹேக்ரிட் மோட்டார் பைக் கோஸ்டரைத் திறந்தது. ஏழு இடங்களில் உந்தித் தள்ளுகிற, நடுவில் தடமே கீழே விழுகிற சிக்கலான இயந்திரம். இன்றும் எனக்குப் பிடித்த கோஸ்டர்களில் ஒன்று. முதல் நாள் வரிசை பத்து மணி நேரத்தைத் தொட்டது. பல நாள் காலையில் திறக்காமல், பராமரிப்பு முடிந்து மதியத்துக்கு மேல்தான் ஓட்டினார்கள். அதே கோடையில் கலிஃபோர்னியா டிஸ்னிலாண்டில் ஸ்டார் வார்ஸ் பகுதி திறந்தது. அங்கே நேர் எதிர்: கூட்டம் அள்ளும் என்று எல்லாரும் பயந்து வராமலே இருந்துவிட்டார்கள். உள்ளூர் வருடப் பாஸ்காரர்களுக்குப் பல நாள் அனுமதி இல்லை. சுற்றி உள்ள ஹோட்டல்கள் வாடகையை ஏற்றியிருந்தன. முக்கியமான இரண்டாவது ரைடும் தயாராகவில்லை. அந்தக் காலாண்டில் டிஸ்னியின் அமெரிக்கப் பார்க்குகளுக்கு வந்தவர்கள் 3 சதவீதம் குறைந்தார்கள், புதுப் பகுதி திறந்தும்கூட.

பார்வையாளருக்கு லாபமா என்றால், ரைடுகளின் தரத்தில் லாபம், பர்ஸில் நஷ்டம். இரண்டு கம்பெனியும் கழுத்தறுப்பாக மோதினால் விலை குறைய வேண்டும் என்று நினைப்போம். நடந்தது வேறு. 2025 கிறிஸ்துமஸ் சமயத்தில் மேஜிக் கிங்டத்துக்கு ஒருநாள் டிக்கெட் 199 டாலர். நீண்ட வரிசையில் நிற்காமல் ஏற 1999-இல் டிஸ்னி கொண்டுவந்த ஃபாஸ்ட்பாஸ் இலவசம். 2021 அக்டோபரிலிருந்து வரிசையைத் தாண்டக் காசு. யூனிவர்சலில் எக்ஸ்பிரஸ் பாஸுக்கும் தனி விலை. எனக்கு இதில் உண்மையிலேயே வருத்தம் உண்டு. காசு கொடுத்தவர்களுக்கு இருக்கைகளை ஒதுக்கிய பிறகு மிச்சத்தைத்தான் சாதாரண வரிசைக்குக் கொடுப்பார்கள். வெயிலில் நின்ற குடும்பத்துக்கு முன்னால் இன்னொரு குடும்பம் போவதைப் பிளாட்ஃபாரத்தில் நின்று பார்த்தவன் நான். இதை வைத்து வருமானம் வரும்வரை வரிசையைக் குறைக்க யாருக்கும் பெரிய அக்கறை இருக்காது.

சென்னையைப் பற்றி: வொண்டர்லா 2025 டிசம்பரில் திருப்போரூர் பக்கம் திறந்திருக்கிறது. சுவிட்சர்லாந்தின் பாலிகர் அண்ட் மாபியார் நிறுவனத்தின் தொங்கும் வகைக் கோஸ்டரும் அங்கே வந்திருக்கிறது. இன்ஜினியராக எனக்கு அதில் பெரிய சந்தோஷம், அவர்கள் செய்யும் கோஸ்டர்கள் நாள் முழுக்க நிற்காமல் ஓடுகிற ரகம். ஆனால் சென்னைச் சந்தை ஒஹாயோ மாதிரிதான். காலையில் வேனில் கிளம்பி ராத்திரி திரும்புகிற குடும்பங்கள், பள்ளிச் சுற்றுலாக்கள், கம்பெனி அவுட்டிங். ஒரு குடும்பம் வருடத்துக்கு ஒருமுறைதான் போகும் என்றால் அந்த ஒருமுறை எங்கே என்பதுதான் போட்டி. பழைய பார்க்குகள் அதே உயரத்துக்கு ரைடு கட்டப் பார்த்தால் கடனில் மாட்டும். குறைந்த டிக்கெட், சின்னக் குழந்தைகள், பள்ளிக் கூட்டம் என்று தனி இடம் பிடித்தால் பிழைக்கும் என்பது என் கணிப்பு. குளிர்காலத்தில் மூட வேண்டியதில்லை என்பது ஒஹாயோவை விட நமக்குச் சாதகம்.

ஆர்லாண்டோவுக்கு நீங்களே போவதாக இருந்தால், புதிதாகத் திறந்த ரைடை மட்டும் நம்பி அதன் முதல் வருடத்திலேயே பயணத்தைப் போடாதீர்கள். புது இயந்திரத்துக்கு அந்த வருடம் அடிக்கடி நிற்கிற வருடம். இரண்டாவது வருடம், பள்ளி விடுமுறை இல்லாத வாரமாகப் பார்த்து, மழைக்கு முந்திய காலை நேரத்தில் அந்த ரைடை முதலில் முடித்துவிடுங்கள். ஃபுளோரிடா கோடையில் மதியத்துக்கு மேல் இடி மின்னல் வரும், வந்தால் வெளியே ஓடுகிற கோஸ்டர் எல்லாவற்றையும் நிறுத்திவிடுவார்கள்.